சோஸ் போத்தலும் அக்காவின் பல்லும்

போன மாதம் பல் வைத்தியரிடம் போயிருந்தேன். காத்திருக்கிற அறைச் சுவரில் புதிதாக ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். பல்லில் கறை பிடிக்க வைக்கும் சாப்பாடுகள் என்று தலைப்பு. சோயா சோஸ், தக்காளி சோஸ், மஞ்சள் போட்ட கறி, கறுத்த வினாகிரி, அச்சாறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு போத்தல் வரைந்து, பக்கத்தில் முகம் சுளிக்கிற ஒரு பல்லையும் வரைந்திருந்தார்கள். என் வயதுக்காரி ஒருத்தி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதை ஒரு வரி விடாமல் வாசித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "எங்கட காலத்தில இதெல்லாம் ஆர் எங்களுக்குச் சொன்னவை?" என்றாள்.

எனக்கு வந்த எரிச்சலை என்னவென்று சொல்வது. படத்தில் பொய் ஒன்றும் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் யாரும் சொல்லவில்லையாம். அந்தப் பட்டியலைப் பத்து வயதில் ஒரு நாளைக்கு மூன்று தரம் கேட்டவள் நான். ஐந்து கிழமை அதன்படி சாப்பிட்டவள். உங்களுக்கும் என் வயது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். சின்னவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள், பிறகு கையில் இருக்கிற போனைப் பார்ப்பார்கள்.

எழுபதுகளில் பேக்கரியில் பாணுக்கு வரிசையில் நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். கடைகளில் வெளிநாட்டுச் சாமான் என்று ஒன்றும் இல்லை. வெங்காயமும் கொச்சிக்காயும் பொன் மாதிரி. எங்கள் வீடு திருகோணமலையில், கோட்டைப் பக்கத்துக்கும் உட்துறைமுகத்துக்கும் நடுவில் ஒரு ஒழுங்கையில் இருந்தது. கப்பல் ஊதினால் குசினியில் கோப்பைகள் ஒன்றோடு ஒன்று முட்டும். அப்பா மாவட்டக் கச்சேரியில் கிளார்க். அதற்கு முதல் கந்தளாயில், அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். அக்கா அங்கேதான் பிறந்து ஏழு வயது வரை வளர்ந்தாள். நான் பத்து வருடம் பிந்தி, நகரத்துக்கு வந்த பிறகு பிறந்தவள்.

அக்காவின் முன் பல் ஆறும் மண்ணிறம். ஒரேயடியாக மண்ணிறம் என்றும் இல்லை. குறுக்கே கோடு கோடாக, இடையில் சுண்ணாம்பு தடவினது போல வெள்ளைத் திட்டு, அதன் நடுவில் தேயிலைச் சாயம் ஊறின மாதிரி ஒரு நிறம். அக்கா அழகி. நான் சொந்தம் என்பதால் சொல்லவில்லை, ஒழுங்கை முழுக்கச் சொன்னது. ஆனால் சிரிக்கும்போது இடது கை தானாக எழும்பி வாயை மூடிவிடும்.

அந்த வருடம் தை மாதத்தில் முதல் தரம் அக்காவைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். நகரத்துக் குடும்பம்தான். தேத்தண்ணி குடித்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், போனார்கள். இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து குடையை மடித்து முழங்காலில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அவையளுக்கு எல்லாம் பிடிச்சிருக்கு. ஒண்டை மட்டும் கேக்கச் சொன்னவை. பிள்ளை வெற்றிலை போடுறவவோ?"

தரகர் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும் வரை அம்மா நின்றாள். அவர் போன பிறகு நேரே குசினிக்குப் போய் அலுமாரியைத் திறந்தாள்.

இதை விளக்க வேண்டுமானால் அக்காவின் வாய் ருசியைச் சொல்ல வேண்டும். அவளுக்கு இரண்டு பைத்தியம் இருந்தது. ஒன்று, பக்கத்து முஸ்லிம் வீட்டு உம்மாவின் அச்சாறு. உம்மா கிண்ணியாவில் இருந்து கல்யாணம் முடித்து வந்தவர். சின்ன வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், பேரீச்சம்பழம் எல்லாம் போட்டு, கடுகு அரைத்து, மஞ்சளும் வினாகிரியும் சேர்த்து, ஒரு கண்ணாடிப் போத்தலில் பத்து நாள் ஊற விடுவார். மூடியைத் திறந்தால் மூக்கு எரியும். மற்றது, சீனப் பல் வைத்தியர் வீட்டுக் கறுத்த சோஸ். அந்த நாட்களில் எங்கள் நகரத்தில் ஒரு சீனப் பல் வைத்தியர் இருந்தார். அவருடைய மனுசி ஊசியும் நூலும் எடுத்தால் நல்ல பூவேலைக்காரி. அக்கா கிழமைக்கு மூன்று நாள் அவரிடம் பூவேலை பழகப் போவாள். போனால் அவர்கள் சாப்பிடுகிறதையே இவளுக்கும் கொடுப்பார்கள். அந்தச் சோஸ் அவர்களுக்குக் கொழும்பில் இருந்த சொந்தக்காரர் மூலம் கிடைத்தது. பொரித்த முட்டை போட்ட சோற்றில் நாலு சொட்டு விட்டால் போதும், அக்கா அதைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவாள். புது வருடத்துக்கு ஒரு போத்தல் பரிசாகவும் தந்துவிட்டார்கள்.

அம்மா அன்றைக்கு அந்தப் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே கடலை எண்ணெய் கருகினது போல ஒரு கறுப்பு. சரிந்த இடத்தில் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு நின்றது.

"கண்ணாடியிலயே இப்பிடிப் பிடிக்குது. பல்லில பிடிக்காதோ?" என்றாள்.

போத்தலைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். அது சீமெந்துத் தரையில் ஓடி வாழைக்குள் இறங்கியது. அக்கா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன்: "அம்மா, பல் வைத்தியர் வீட்டில எல்லாரும் அதைத்தானே திண்டினம். அவையின்ர பல்லு வெள்ளையாத்தானே இருக்கு."

எனக்குக் கிடைத்தது உச்சந்தலையில் ஒரு குட்டு. பத்து வயதுப் பிள்ளை கேட்ட கேள்விக்கு அம்மாவிடம் இருந்து வேறு பதில் கிடைக்கவில்லை.

அன்றிரவே சட்டம் வந்தது. அச்சாறு இல்லை. சோஸ் எதுவும் இல்லை. அப்பாவின் கந்தோர் நண்பர் தந்த தக்காளிச் சோஸும் இல்லை. மாங்காய்ச் சட்னி இல்லை. புளி இல்லை, மஞ்சள் இல்லை, கறித்தூள் இல்லை. தேத்தண்ணிக்குப் பதில் பால். அக்காவுக்கு மட்டும் என்றால் பொறுக்கலாம். "ஒரு வீட்டில ரெண்டு சமையல் ஏலாது" என்று அம்மா எல்லோரையும் அதற்குள் தள்ளினாள். காலையில் இடியப்பமும் மஞ்சள் போடாத சொதியும். மத்தியானம் சோறும் உருளைக்கிழங்குப் பால்கறியும். இரவு பால் விட்ட புட்டு. உப்பும் தேங்காய்ப்பாலும் தவிர வேறொன்றும் தெரியாத நாக்கோடு நாங்கள் உலாவினோம்.

இது எந்த ஊரில் நடந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். ஒழுங்கை முனையில் நின்றால் மீன் வள்ளம் கரைக்கு வருவது தெரியும். பாரையும் அறுக்குளாவும் துடிக்கத் துடிக்க வீட்டு வாசலுக்கு வரும். அதைக் கொண்டுபோய் அம்மா தண்ணீரில் அவித்து, மேலே தேங்காய்ப்பால் ஊற்றி வைத்தாள். அப்பா முதல் நாள் ஒரு வாய் வைத்துவிட்டு, "இஞ்சேரப்பா, இது ஆஸ்பத்திரிச் சாப்பாடு" என்றார்.

"பிள்ளையின்ர வாழ்க்கையை விட உங்கட நாக்குப் பெரிசோ?"

அப்பா பேப்பரை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்தார். எங்கள் அப்பாவின் தைரியம் அவ்வளவுதான். கச்சேரியில் மத்தியானத்தில் அவர் என்ன சாப்பிட்டார் என்று நான் கேட்டதில்லை. அவருடைய சேர்ட்டில் சில நாள் மிளகாய் வாசம் வந்தது மட்டும் தெரியும்.

சாப்பாட்டோடு நிற்கவில்லை. காலையில் உமிக்கரி, மத்தியானம் உப்பு, பின்னேரம் பிழிந்த தேசிக்காய்த் தோல். அம்மா அக்காவைக் கிணற்றடியில் குந்த வைத்து, நாடியைப் பிடித்து நிமிர்த்தி, தன் விரலாலேயே தேய்த்தாள். பல்லைச் சுற்றி முரசு கிழிந்து இரத்தம் வந்தது. வாய் கொப்பளித்த தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடும். பல் அப்படியே இருந்தது. அம்மா டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வெளுத்திருக்கு" என்பாள். வெளுக்கவில்லை. எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது கிழமையில் என்னால் முடியவில்லை. ஒரு மத்தியானம் அம்மா கண் அயர்ந்த நேரம் பின் மதிலில் ஏறி உம்மாவைக் கூப்பிட்டேன். அவர் குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மகள், முகமெல்லாம் வாடிக் கிடக்கு?"

"உம்மா, கொஞ்சம் அச்சாறு தாறியளோ?"

அவர் ஒரு துண்டு வாழையிலையில் அள்ளித் தந்தார். மதிலிலேயே குந்தியிருந்து தின்றேன். கடுகு மூக்கில் ஏறிக் கண்ணால் தண்ணீர் ஓடியது. அவ்வளவு சந்தோசமாக நான் ஒன்றையும் தின்றதில்லை. தின்று முடித்து, இறங்கி, கொடியில் காய்ந்த ஒரு துவாயில் விரலைத் துடைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

அது அக்காவின் துவாய். அக்காவே பூவேலை செய்த வெள்ளைத் துவாய்.

பின்னேரம் அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு நடு அறையில் நின்றாள். மஞ்சளாக நாலு விரல் அடையாளம். "இது என்ன?" என்று அக்காவிடம் கேட்டாள். அக்கா துவாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் என் பாடப் புத்தகத்தைப் பார்த்தேன்.

"ஓம் அம்மா, திண்டனான்" என்றாள் அக்கா.

அம்மா அடிக்கவில்லை. அடித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். நேரே பின் மதிலுக்குப் போனாள்.

"உங்கட அச்சாறு என்ர பிள்ளையின்ர பல்லைக் கெடுத்துப்போட்டுது. இனி எங்கட வளவுக்குள்ள ஒண்டும் தரவேண்டாம்."

"நான் ஒங்கட புள்ளைகளுக்கு நஞ்சா குடுத்த?" என்று உம்மா கேட்டார். அம்மா திரும்பி வந்துவிட்டாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் கசாயம் அவித்துக் கொண்டு வருகிற மனுசி அவர். அன்றைக்குப் பின்பு அந்தப் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. மறுநாள் அக்காவின் பூவேலை வகுப்பும் நின்றது. அங்கே போனால் தின்னாமல் வரமாட்டாள் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள்.

நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அம்மாவின் மேல் எனக்குள்ள எரிச்சலைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன். என் மேல் உள்ளதை எழுதினால் தாள் காணாது.

ஐந்தாவது கிழமை மட்டக்களப்பில் இருந்து ஒரு பகுதி வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். தாயும் தாய்மாமனும் கூட வந்தார்கள். அம்மா காலையில் இருந்து அக்காவுக்குப் பாடம் எடுத்தாள். "சிரிக்காதை. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. சொல்லேக்க மேல் உதட்டைத் தூக்காதை." அக்கா அதைக் கண்ணாடிக்கு முன்னால் செய்து பார்த்தாள். ஊசி போட்ட வாயோடு கதைக்கிறவள் போல இருந்தது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அக்கா தேத்தண்ணி கொடுத்தாள், கதிரை நுனியில் இருந்தாள், உதட்டைத் தூக்காமல் நாலு பதில் சொன்னாள். மாப்பிள்ளையின் தாய் திருப்தியாகத் தலையை ஆட்டினார். அப்போதுதான் வாசலில் ஒரு மான் வந்து நின்றது. கோட்டையில் இருந்து இறங்கி ஒழுங்கைகளுக்குள் மேய்கிற மான்கள் எங்களுக்குப் புதிதில்லை. மட்டக்களப்புக்காரருக்குப் புதிது. தாய்மாமன் காலைக் கதிரை மேல் தூக்கினார். மான் அவரைக் கவனிக்காமல் தலையை உள்ளே நீட்டி, விருந்தாளிகளுக்கென்று தட்டத்தில் அடுக்கி வைத்த வெற்றிலையை ஒவ்வொன்றாக உருவித் தின்னத் தொடங்கியது. தாய்மாமன் கதிரையில் இருந்தபடியே அதற்கு, "போங்கோ, போங்கோ" என்றார். மானுக்கு மரியாதை கொடுத்தார்.

அக்கா வெடித்துச் சிரித்தாள். ஐந்து கிழமைச் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கை எழும்ப மறந்துவிட்டது. மாப்பிள்ளையும் சிரித்தார். அவருடைய தாய் சிரிக்கவில்லை. அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாளில் தரகர் வந்தார். இந்த முறை முகம் மலர்ந்திருந்தது. "அவையளுக்குச் சம்மதம். பொடியனுக்கு நல்ல விருப்பமாம். தாய் மட்டும் ஒண்டு சொல்லுறா. முன் பல்லு ஆறையும் எடுத்துப்போட்டுக் கட்டுப்பல் வைச்சால், ஆவணியில கலியாணத்தை வைக்கலாமாம்."

சொன்ன விதத்தைப் பார்த்தால், அறைக்கு வெள்ளை அடிக்கச் சொன்னது போலத்தான் இருந்தது. எனக்கு நினைக்கவே இப்போதும் வாய்க்குள் கூசுகிறது. அம்மாவின் முகத்தில் வந்தது என்ன தெரியுமா, சந்தோசம். கும்பிட்டாள். சாமிப் படத்துக்குத் திரும்பி இரண்டு கையாலும் கும்பிட்டாள்.

"நல்ல பல்லையெல்லோ பிடுங்கச் சொல்லினம்" என்றார் அப்பா.

"இப்ப எத்தினை பேர் வைச்சிருக்கினம். ஆருக்குத் தெரியுது? வெள்ளையா, வரிசையா இருக்கும்."

அப்பா மறுபடி பேப்பரை எடுத்தார். அக்கா இரண்டு நாள் யாரோடும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் சேலை கட்டிக்கொண்டு வந்து, "போவம்" என்றாள். நான் கூடப் போனேன், என்னை வீட்டில் விட அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. நகரத்தில் வேறு பல் வைத்தியர் இல்லாததால் சோஸ்காரரிடமே போக வேண்டியிருந்தது. அதுவும் அம்மாவுக்கு ஒரு கடுப்பு.

அவருடைய அறையில் கராம்பு எண்ணெய் வாசம். காலால் மிதித்துச் சுற்றுகிற ஒரு இயந்திரம், அக்காவை இருத்திய உயரமான கதிரை, வெள்ளை எனாமல் தட்டில் குறடுகள். நான் அந்தக் குறடுகளைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். வைத்தியர் மெலிந்த மனுஷன். எங்கள் ஊரிலேயே பல வருடம் இருந்தவர். தமிழைச் சின்னச் சின்னத் துண்டாகப் பேசுவார், ஆனால் பிழையில்லாமல் பேசுவார். ஒரு சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு ஆறு பல்லையும் தட்டிப் பார்த்தார்.

"நல்ல பல்லு. ஆடேல்ல. சூத்தை இல்லை. ஏன் பிடுங்க?"

"கறை போகுதில்லை ஐயா" என்றாள் அம்மா. "உமிக்கரி, உப்பு, தேசிக்காய், எல்லாம் பாத்திட்டம். குறை நினையாதையுங்கோ, உங்கட வீட்டுச் சோஸ் திண்டு வந்தது."

வைத்தியர் கோபப்படவில்லை. உட்பக்கம் திரும்பி ஏதோ கூப்பிட்டார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் வந்து நின்றார்கள். வாயைத் திறக்கச் சொன்னார். திறந்தார்கள். இரண்டு வரிசையும் தேங்காய்ச் சொட்டுப் போல இருந்தது.

"இவையள் பல்லு முளைச்ச நாள் துவக்கம் அந்தச் சோஸ்தான்" என்றார். "சோஸ் கறை மேல பிடிக்கும். தேய்ச்சால் போகும். இது மேல இல்லை, உள்ளுக்க. சின்னனில எந்த ஊர்த் தண்ணி குடிச்சவ?"

"கந்தளாய்."

"கிணறோ?"

அம்மா நிமிர்ந்தாள். இந்தக் கேள்விக்குத் தன்னிடம் நல்ல பதில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். "ஓம், கிணறுதான். குளத்துத் தண்ணி, வாய்க்கால் தண்ணி ஒரு துளி அவவின்ர வாயில படேல்ல. கிணத்துத் தண்ணியையும் நான் சும்மா குடுக்கேல்ல. பெரிய பானையில வைச்சு அரைவாசியா வத்தும் மட்டும் கொதிக்க வைச்சு, துணியில வடிச்சு, ஏழு வயசு மட்டும் அதைத்தான் குடுத்தனான்."

வைத்தியர் கண்ணாடியைத் தட்டில் வைத்தார். அவர் அம்மாவை நோகடிக்க நினைத்தவர் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

"அந்தக் கிணத்துத் தண்ணிதான் அம்மா, அதில ஃபுளோரைட் எண்டு ஒரு உப்பு இருக்கு. கந்தளாய்ப் பக்கம், அனுராதபுரப் பக்கம், நிறையப் பேர் என்னட்ட இப்பிடி வந்திருக்கினம். பல்லு முரசுக்குள்ள இருக்கேக்கையே பிடிச்சிடும். கொதிக்க வைச்சால் போகாது. தண்ணி வத்த வத்த அது கூடும்."

வெளியே பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. வைத்தியர் அம்மாவை விட்டுவிட்டு அக்காவிடம் குனிந்தார்.

"நீங்கள் சொல்லுங்கோ. பிடுங்கவோ?"

அக்கா கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற வீட்டில் ஒரு பெண்பிள்ளையிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

"வேண்டாம் ஐயா." பிறகு அம்மாவைப் பார்த்து, மேல் உதடு எவ்வளவுக்கு எழும்புமோ அவ்வளவும் எழும்ப, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "நான் ஒண்டும் பிழை செய்யேல்ல அம்மா. என்ர பல்லை நான் குடுக்கமாட்டன். அவையளை வேறை இடம் பாக்கச் சொல்லுங்கோ."

அம்மா எழும்பி வெளியே போனாள். குடையை விட்டுவிட்டுப் போனாள். நான்தான் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கொதிக்கிற வெயிலில் வீடு வரை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் அப்பாவிடம் சொன்னது இதுதான்: "அந்த மனுஷன் தன்ர பெண்சாதியின்ர சோஸைக் காப்பாத்துறதுக்குக் கதைக்கிறார்."

எனக்குத் தலைமயிரைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவ்வளவும் கேட்ட பிறகும், இரண்டு பிள்ளைகளின் வாயைப் பார்த்த பிறகும். நான் கிணற்றடிக்குப் போய் வாளியை உதைத்தேன். அப்பா பின்னால் வந்தார். வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டு, எனக்குச் சொன்னது போலவும் இல்லை, தனக்குச் சொன்னது போலவும் இல்லை, சொன்னார்:

"கொக்கா பிறக்க முதல் உனக்கு ஒரு அண்ணன் இருந்தவன். பதினாலு மாதம். வாய்க்கால் தண்ணி குடிச்சு வயித்தோட்டம் வந்து ரெண்டு நாளில எங்களை விட்டுப் போட்டான். அதுக்குப் பிறகுதான் அம்மா கொதிக்க வைக்கத் தொடங்கினவ."

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்பதையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். அவனுக்கு ஒரு படம்கூட வீட்டில் இல்லை. பத்து வயதில் அந்தக் கதை எனக்கு ஒரு செய்தி மட்டும்தான். பிள்ளைகள் பெற்று, அவர்களுக்குக் காய்ச்சல் வந்து, நெற்றியில் கை வைத்துக்கொண்டு இருந்த பிறகுதான் விளங்கியது. ஒரு பிள்ளை தண்ணீரால் போனது. அடுத்த பிள்ளையைக் காப்பாற்ற விறகு ஊதி ஊதிக் கண் சிவந்து வற்ற வைத்த தண்ணீர், அவளுடைய பல்லைத் தின்றுவிட்டது என்று ஒருவர் சொல்கிறார். எந்தத் தாய் உடனே ஓம் என்பாள்? போத்தலில் இருக்கிற கறுப்பைக் குற்றம் சொல்வது லேசு. போத்தலைக் கவிழ்க்கலாம்.

விளங்கியது என்பதால் எரிச்சல் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஒரு சொல் அவள் அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சாகும் வரை சொல்லவில்லை.

சொல்லாமல் செய்தது இது: மறுநாள் மத்தியானம் குசினிக்குள் இருந்து புளி கொதிக்கிற வாசம் வந்தது. பாரை மீன், செக்கச் செவேலென்று, மேலே எண்ணெய் மிதக்க. அப்பா மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டார். அம்மா தன் சோற்றுக் கோப்பையில் பிசைந்ததைச் சாப்பிடாமல் அக்கா சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னேரம் ஒரு வெறும் போத்தலைக் கழுவி என் கையில் தந்து, "போய் உம்மாட்ட அச்சாறு கேட்டு வாங்கிக்கொண்டு வா" என்றாள். தான் போட்ட சண்டைக்கு என்னை அனுப்பினாள். இதற்கும் எனக்கு எரிச்சல்.

இந்த முறை மதிலேறாமல் வாசல் வழியாகப் போனேன். உம்மா போத்தலை வாங்கி, கழுத்து மட்டும் நிரப்பித் தந்தார். "ஒங்கட உம்மாக்குச் சொல்லு, இது பல்லுக்கு ஒண்டும் செய்யாதாம்" என்றார். நான் சொல்லவில்லை. இரண்டு கிழமை கழித்து மதிலின் இரண்டு பக்கமும் கதைக்கிற சத்தம் கேட்டது.

மட்டக்களப்புக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அக்கா மறுபடி பூவேலைக்குப் போனாள், அதிலேயே தொழில் பிடித்தாள். கல்யாணச் சேலைக்குப் பூவேலை என்றால் மூதூரில் இருந்தும் அவளைத் தேடி வந்தார்கள். இருபத்தெட்டு வயதில் தபால் கந்தோரில் வேலை செய்த ஒருவரைத் தானே பார்த்து முடித்தாள். அத்தானிடம் ஒரு நாள், அக்காவின் பல்லைப் பற்றி முதலில் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். "கொஞ்சம் வெற்றிலை கூடப் போடுறா எண்டு நினைச்சனான்" என்றார். அக்கா பக்கத்தில் இருந்து அவருடைய தோளில் அடித்தாள்.

துவாய்க் கதையை நான் அவளிடம் சொல்ல நாற்பது வருடம் ஆனது. பெரிய பாரத்தை இறக்குகிறேன் என்ற எண்ணத்தோடு, அழுகைக்கும் ஆயத்தமாகப் போய்ச் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "உன்ர விரல் ரெண்டு நாளா மஞ்சளாத்தானே இருந்தது" என்றாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

போன வருடம் அக்காவுக்குப் பித்தப்பையில் கல் எடுத்தார்கள். ஒப்பரேசனுக்கு முதல் நாள் நான் கூட நின்றேன். மறுநாள் காலையில் ஒரு சின்ன நேர்ஸ்பிள்ளை கையில் வெறும் தகரப் பேணியோடு வந்தாள்.

"அம்மா, கட்டுப்பல் இருந்தால் கழட்டி இதுக்குள்ள போடுங்கோ."

"எனக்கில்லை தங்கச்சி."

"எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுறவை. உள்ளுக்குப் போனாப் பிறகு டொக்டர் எனக்குப் பேசுவார்" என்று சொல்லிவிட்டு, அவள் கையுறை போட்ட விரலால் அக்காவின் முன் பல்லைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். எழுபத்து மூன்று வயது வாயில் ஆறும் மண்ணிறமாக, அசையாமல் நின்றன. சூத்தை கண்டதே இல்லை. அவள் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, வியந்துபோய், "எல்லாம் உங்கட பல்லுத்தானோ?" என்றாள்.

"ஓம், எல்லாம் என்ர" என்றாள் அக்கா. பிறகு படுத்தபடியே என் பக்கம் கையைக் காட்டினாள். "வெறும் பேணியோட போகாதையும். இவவின்ர மேல் வரிசை முழுக்கக் கழரும்."

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் ஒரு கறையும் இல்லாத வெள்ளைப் பல்லோடு பிறந்தவள் நான். வாயை இறுக்கி மூடிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். அக்கா சிரித்துக்கொண்டே இருந்தாள்.